பொழுது சாய்ந்தபின் வந்த தபால் விமானம்

அலாஸ்காவின் ஆகாயத் தபால் முயற்சி ஒரே நாளில் வெற்றியையும் விபத்தையும் கண்டது. 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி, கார்ல் பென் ஐல்சன் என்னும் விமானி, ஃபேர்பாங்க்ஸ் நகரிலிருந்து தபாலுடன் புறப்பட்டு, மெக்ராத் என்னும் சிற்றூரைச் சுமார் மூன்று மணி நேரத்தில் அடைந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு அது இரண்டு வாரத்திற்கும் மேற்பட்ட வழி.

மகிழ்ந்த ஊரார் உபசரிக்க, அவர் தாமதித்துவிட்டார். வடபுலத்துக் குளிர்காலப் பகலோ குறுகியது. திரும்புகையில் இருள் சூழ்ந்தது. ஃபேர்பாங்க்ஸ் மக்கள் மூட்டிய தீயின் ஒளியை நாடி இறங்கியபோது விமானம் சேதமுற்றது. அவர் உயிர் தப்பினார். பிழைபட்டது பொழுதின் கணக்கே. மேலும் விபத்துகள் நேரவே, அவ்வாண்டிலேயே ஒப்பந்தம் ரத்தாயிற்று.

நேயர்களே, தொலைவில் வாழ்வோர்க்குக் கடிதம் விரைந்து வருவது இன்பம். அதைச் சுமப்பவர் நலமாய்த் திரும்புவது அதனினும் பெரிதன்றோ!