நிழலில் ஒருவன், வெயிலில் ஒருவன்



மேய்ச்சல் நிலம், ஆட்டு மந்தை, மரத்தடி, குழலோசை. இப்படி அமைதியான வாழ்க்கையைப் பாடுற சின்னக் கவிதைக்கு மேல்நாட்டிலே 'இடில்' என்று பேர். கிரேக்கச் சொல். 'சின்னப் படம்' என்று பொருள் சொல்வார்கள். எதிரணித் தலைவர் என்ன சொல்லிட்டுப் போனார்? "இதெல்லாம் வயிறு நிறைஞ்சவன் காணுற கனவு"ன்னார். நான் கேக்குறேன், வரலாறு அப்படியா சொல்லுது?

இந்தப் பாட்டுக்கு மூலவர் தியோக்ரிட்டஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. சிசிலித் தீவிலே சிரக்கூஸ் சொந்த ஊர். வாழப் போனது எகிப்திலே, தாலமி மன்னர்களின் அலெக்சாந்திரியாவுக்கு. அந்த நகரத்துத் திருவிழாக் கூட்டத்திலே இரண்டு பெண்கள் இடிபட்டுத் திண்டாடுவதையும் அவரே பாடியிருக்கார். (சிரிப்பு) சிசிலி இடையர்களைப் பாடினவரும் அவர்தான். நெரிசல் தெரிஞ்சவனுக்குத்தானேய்யா மரநிழலின் அருமை தெரியும்?

அடுத்து ரோமாபுரிக்கு வாங்க. கி.மு. 42-லே பிலிப்பி போர் முடிஞ்சுது. ஜெயிச்ச சிப்பாய்களுக்கு நிலம் கொடுக்கணும். எங்கிருந்து கொடுப்பது? உழுதுகிட்டிருந்த குடியானவனிடம் பிடுங்கினார்கள். மகாகவி வர்ஜில் பிறந்த மாந்துவா பக்கமும் அது நடந்தது. அவர் இடையர் பாட்டுப் பத்து எழுதினார். முதல் பாட்டிலே இரண்டு பேர். நிலம் தப்பியவன் நிழலிலே படுத்துக் குழல் ஊதுறான். நிலம் பறிபோனவன் ஆடுகளை ஓட்டிக்கிட்டு ஊரைவிட்டே போறான். வழியிலே ஒரு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. வெறும் பாறையிலே விட்டுட்டு வந்தேன் என்கிறான். இதுவா வயிறு நிறைஞ்சவன் கனவு? (கைதட்டல்)

சங்கீதத்துக்கு வருவோம். 1870, கிறிஸ்துமஸ் காலை. சுவிட்சர்லாந்திலே லூசர்ன் ஏரிக்கரை வீடு. மனைவி கோசிமாவின் பிறந்தநாளுக்காகப் படிக்கட்டிலே வாத்தியக்காரர்களை நிறுத்தி, இசைமேதை வாக்னர் ஒரு புது இசை வாசிக்க வைத்தார். முந்தின வருஷம் பிறந்த மகன் பேரால் அது 'சீக்ஃபிரீட் இடில்' ஆச்சு. வீட்டுக்குள்ளேயே வைத்துப் போற்றிய சொத்து. ஆனால் பண நெருக்கடி வந்தது. 1878-லே அதைப் பதிப்பகத்துக்கு விற்றார்கள். அந்த அம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும்! உலகம் இன்றைக்கும் அதை வாசிக்குது.

ஆக, நடுவர் அவர்களே, இந்தச் சின்னப் படத்துக்குள்ளே ஒருத்தன் நிழலிலே படுத்திருந்தால், ஓரத்திலே இன்னொருத்தன் வெயிலிலே நடந்து போய்க்கிட்டிருக்கான். அவன் காலடிச் சத்தமும் கேட்டால்தான் குழலோசைக்கு அர்த்தம் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.