எந்த நேரத்துக்குப் பிந்தினீர்கள்?

பிந்தி வருபவர்கள் சொல்லும் காரணங்களைத் தொகுத்தால் ஓர் ஊரின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்பது நீண்டகாலப் பத்திரிகைத் தொழிலில் எனக்கு உண்டான நம்பிக்கை. வயிற்றுவலியும் பாட்டியின் மரணமும் உலகத்துக்குப் பொதுவானவை. அவற்றை விட்டுவிடலாம். ஊருக்கென்று தனியாக உள்ள காரணங்கள்தான் நமக்கு வேண்டியவை.

கொடிகாமத்துக்கும் அப்படியான காரணங்கள் உண்டு. பருத்தித்துறை வீதி கண்டி வீதியைச் சந்திக்கும் இடம் அது. மாங்காயும் பலாப்பழமும் தேங்காயும் குவியும் சந்தை ஊர். பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஓடிய தட்டிவான்களை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தட்டிவானுக்கு நேர அட்டவணை கிடையாது. ஆட்களும் மூட்டைகளும் கோழிகளும் நிறைந்தால் புறப்படும், நிறையாவிட்டால் நிற்கும். ஆகவே, "தட்டிவான் நிறையேல்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் விசாரணை இல்லை. எனினும், எந்த ஊரவரும் சொல்லியிருக்க முடியாத ஒரு காரணத்தைக் கொடிகாமத்தார் சில ஆண்டுகள் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். "நான் பிந்தேல்லை, உங்கட மணிக்கூடுதான் முந்தீட்டுது" என்பதே அது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது முழு உண்மை.

அந்த உண்மையின் வேரைத் தேடச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். கொழும்பிலிருந்து வடக்குக்கான புகையிரதப் பாதை 1905இல் முழுமையடைந்தது. 1906 ஜனவரி முதலாந் திகதி, கிறீனிச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரம் இலங்கைக்குப் பொது நேரமாயிற்று. அதுவரை சூரியனையும் கோயில் மணியையும் பார்த்து நடந்த கிராமங்களுக்கு, நிமிடக் கணக்கில் பிந்துவது என்றால் என்ன என்பதைக் கற்பித்தது புகையிரதமே. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இரண்டு தடவைகள் அரை மணித்தியாலமாக நேரம் முன் நகர்த்தப்பட்டு, 1945இல் பழைய நிலைக்குத் திரும்பியது. 'பழைய நேரம், புதிய நேரம்' என்னும் குழப்பம் அப்பொழுதே நம் நாட்டுக்கு அறிமுகமாகிவிட்டது.

அது மீண்டும் வந்தது 1996இல். அந்த ஆண்டு கடும் வரட்சி. நீர்த்தேக்கங்கள் வற்றியதால் மின்வெட்டு. மாலை வெளிச்சத்தை நீட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நோக்குடன் மே 25ஆந் திகதி நாடு முழுவதும் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன் நகர்த்தும்படி அரசாங்கம் பணித்தது. ஒக்டோபர் 26ஆந் திகதி அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நிலைத்தது.

இந்த நேரம் கொடிகாமத்துக்கு வந்த விதத்தைக் கவனியுங்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் தஞ்சம் புகுந்தார்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியைக் கைப்பற்றியது. அடுத்த மாதமே புதிய நேரம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மாற்றிய நேரம், 1990 முதல் மின்சாரமே இன்றி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த மண்ணுக்கும் வந்து சேர்ந்தது! எதை மிச்சம் பிடிப்பது என்று கேட்க ஆளில்லை. ஆட்சி மாறியது; மணிக்கூடும் மாறியது.

வன்னியில் விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நீடித்தது. இரு பகுதிகளுக்கும் இடையே தரைப்பாதை மூடிக்கிடந்த ஆண்டுகளில் இந்த வேறுபாடு அன்றாடத்தில் பெரிதாக உறைக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபின் போர்முனை முகமாலைக்கு நகர்ந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோதுதான் இரண்டு மணிக்கூடுகளும் நேருக்கு நேர் சந்தித்தன.

கொடிகாமத்திலிருந்து மிருசுவில், எழுதுமட்டுவாள் தாண்டினால் முகமாலை. இந்தப் பக்கம் இராணுவத்தின் சோதனைச் சாவடி, அந்தப் பக்கம் புலிகளின் சாவடி. நடுவே யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தினர். கொடிகாமத்தில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட ஒருவர் ஒன்பது மணிக்கு எல்லைக் கோட்டைக் கடந்தால் அப்பால் மணி எட்டரை. அரை மணித்தியாலம் இலாபம். திரும்பி வரும்போது அதை வட்டியில்லாமல் கொடுத்துவிட வேண்டும். கொழும்பிலிருந்து வருபவரோ ஓமந்தையில் அரை மணித்தியாலத்தைப் பெற்று முகமாலையில் திருப்பிச் செலுத்துவார். இதற்காகக் கைக்கடிகாரத்தைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே கூட்டிக் கழிப்பது வழிப்போக்கர்களுக்குப் பழகிய கணக்கு.

ஒரு சந்திப்புக்கு நேரம் குறிப்பது எவ்வளவு சிக்கல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"பத்து மணிக்கு வாறன் எண்டு சொன்னனீங்கள், தம்பி."

"பத்துக்குத்தான் அண்ணை வந்தனான். பழைய நேரம் பத்து."

இதற்கு அண்ணையிடம் பதில் இராது. ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் மாலை நாலரை தொடக்கம் ஆறு வரை என்று மனப்பாடம் செய்தவர்கள், புதிய நேரத்தில் அது ஐந்து தொடக்கம் ஆறரை என்று திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சூரியன் எந்த அரசாங்கத்தின் பணிப்பையும் கேட்பதில்லை அல்லவா?

ஆனால் மாலையில் இந்த வேடிக்கை வேடிக்கையாக இருக்கவில்லை. பாதை இரவில் மூடப்படும். பளையில் உறவினர் வீட்டுச் சுவரில் ஐந்து மணி என்றால், இராணுவச் சாவடியில் ஐந்தரை. மணிக்கூட்டை நம்பிப் பிந்தியவர் அன்றிரவு வீடு சேரமாட்டார். பிந்தியதற்கான காரணத்தைக் கேட்டுச் சிரிக்க அங்கே எவரும் இருக்கவில்லை.

2006 ஏப்ரல் 15ஆந் திகதி, புத்தாண்டை அடுத்து, அரசாங்கம் அரை மணித்தியாலத்தைப் பின் நகர்த்திப் பழைய நேரத்துக்கே மீண்டது. பாடசாலைப் பிள்ளைகள் இருட்டில் புறப்பட வேண்டியிருக்கிறது என்ற முறைப்பாடு நெடுங்காலமாக இருந்தது. இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் இந்த மாற்றத்தை எதிர்த்தார். அவர் எதிர்ப்பு எடுபடவில்லை. முகமாலையின் இரு பக்கமும் ஒரே நேரம் காட்டத் தொடங்கியது.

பத்தாண்டுப் பிளவில் இது ஒன்றாவது தீர்ந்ததே என்று மகிழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். நான்கு மாதம் கூடச் செல்லவில்லை. ஓகஸ்ட் 11ஆந் திகதி முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது. கலியாணத்துக்கும், செத்தவீட்டுக்கும், கடன் வாங்கவும் கடந்து போனவர்கள் போன இடத்திலேயே அகப்பட்டார்கள். நேரம் ஒன்றாயிற்று, வழி இல்லாமற் போயிற்று. அவர்களுடைய தாமதத்துக்கு எந்த மணிக்கூட்டிலும் கணக்கு இல்லை. சிலர் பிந்தியேனும் வந்தார்கள். சிலர் வரவேயில்லை.

இதற்கு ஒப்பான ஒன்று பின்னர் கொரியாவில் நிகழ்ந்தது. வடகொரியா 2015 ஓகஸ்ட் 15ஆந் திகதி தன் நேரத்தை அரை மணித்தியாலம் பின் நகர்த்தித் தெற்கிலிருந்து பிரித்துக்கொண்டது. 2018 ஏப்ரலில் இரு தலைவர்களும் சந்தித்த மண்டபச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. அதைக் காண மனம் நோகிறது என்றார் வடகொரியத் தலைவர். மே 5ஆந் திகதி நேரம் ஒன்றானது. எல்லை திறக்கவில்லை. மணிக்கூட்டு முள்ளைத் திருப்புவது எளிது. கதவைத் திறப்பது அப்படியல்ல.

1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் பளையைத் தாண்டி, கொடிகாமம் வழியாக யாழ்ப்பாணம் சென்றது. தண்டவாளங்களை மீண்டும் அடியிலிருந்து போடவேண்டியிருந்தது. அதன்பின் ஒருவர் வேலைக்குப் பிந்தி வந்து "றெயில் பிந்தீட்டுது" என்று சொல்லக்கூடியதாயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகளாக அந்த ஊரில் எவராலும் சொல்ல முடியாமல் இருந்த காரணம் அது. பொய்யாகவே இருந்தாலும், அதைச் சொன்னவரை நான் மன்னித்துவிடுவேன்.