அரசனின் தேக்கும் ஏழையின் பனையும்

மரத்தின் நடுவே முற்றி இறுகிய பகுதியை வைரம் என்று நம் முன்னோர் அழைத்தனர். விலை மதிப்பற்ற மணிக்கும் மரத்தின் நெஞ்சுக்கும் ஒரே பெயரிட்ட மொழி நம்முடையது. தொல்காப்பியத்தின் மரபியல் இன்னும் நுட்பமாக, உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் பகுத்துரைக்கிறது. அக்கணக்கின்படி தேக்கும் ஈட்டியும் மரங்கள். வானளாவி நிற்கும் பனையோ புல். குமரி மண்ணில் இப்பகுப்பு இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை; மனிதர் வாழ்விலும் இறங்கியது.

மேற்குத் தொடர்ச்சி மலை தன் பயணத்தை முடிக்கும் இடம் நம் மாவட்டம். இம்மலைத் தொடரின் காடுகள் தச்சர்க்கு உகந்த பல மரங்களை ஈந்தன. தேக்கு தன்னுள் ஊறிய எண்ணெய்ப் பசையால் கரையானையும் ஈரத்தையும் எதிர்த்து நிற்கும். தோதகத்தி என்றும் பெயர் பெற்ற ஈட்டி, கருஞ்சிவப்பு நிறமும் கரிய வரிகளும் கொண்டது. மெருகேற்ற ஏற்ற அதன் அழகு கூடும். கருங்காலி நீரில் மூழ்குமளவு கனத்தது. தோட்டத்துப் பலாவோ முதலில் மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பொன்னிறம் முற்றிச் செம்மை கொள்ளும். அயனி, வீட்டுக்கும் வள்ளத்துக்கும் பயன்பட்டது.

இம்மரக்கலையின் சிகரத்தைக் காண விரும்புவோர் வேளிமலையடியில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அதனை விரிவாக்கிப் புதுப்பித்தார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னரும் அதன் அழகு குன்றவில்லை. பூமுகத்தின் மேற்கூரையில் 90 வகை மலர் வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. 64 மூலிகை மரங்களால் ஆனதென்றும் டச்சுக்காரர் அளித்ததென்றும் சொல்லப்படும் கட்டிலும் அங்கு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தும், அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது.

இத்தனை அழகுக்கும் உரியவர் யார் என வினவுதல் தகும். பழைய திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரச மரங்கள் எனப்பட்டன. எவர் நிலத்தில் முளைத்தாலும் அவை அரசுக்கே உரியவை. உழவன் நிழலில் அமரலாம், வெட்ட இயலாது. உழைக்கும் சாதியார் சிலருக்கோ மாடி வைத்து வீடு கட்டும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. அவர்தம் குடிசைகளைத் தாங்கியது பனங்கை, மூடியது பனையோலை. மரபியல் புல் என்று வகுத்த பனைதான் அவர்களுக்கு மரமாயிற்று. தேக்கிலும் பலாவிலும் மலர்களை மலரச் செய்த தச்சர்களின் பெயரோ பார்வையாளர் அறியாதது. கட்டுவித்த மன்னர்களின் பெயரே எங்கும் சொல்லப்படுகிறது.

மார்த்தாண்டவர்மரின் அந்த ஆட்சியில்தான், 1712இல் நட்டாலத்தில் பிறந்து அரச பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட அவரை நினைக்கையில், கலையின் நுட்பமும் அதிகாரத்தின் கடுமையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன என்னும் உண்மை நெஞ்சை உறுத்துகிறது. அழகை வியப்பது குற்றமன்று. வியப்பில் மற்றதை மறப்பதே குற்றம்.

பின்னாளில் அரசனின் இடத்தை வணிகம் பிடித்தது. ஆங்கிலேயரின் கப்பல் கட்டும் தேவை மலபார்க் காடுகளின் தேக்கை விழுங்கியது. காடு வெறுமையாவதைக் கண்ட பின்னரே 1840களில் மலபார் ஆட்சியர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். சாத்து மேனன் அப்பணியை முன்னின்று நடத்தினார். ஈட்டிக்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அது மிக மெல்ல வளர்வது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய உலக நாடுகள், ஈட்டிப் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிவு செய்தன. 2017 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அரசனுக்குரியதாய் இருந்த மரம் இன்று அனைவரும் காக்க வேண்டிய மரமாயிற்று.

நம் கடமை என்ன? பால் வற்றிய ரப்பர் மரமும் முறையாகப் பதப்படுத்தினால் நல்ல நாற்காலியும் மேசையும் ஆகும். குமரித் தோட்டங்களில் அதற்குக் குறைவில்லை. பழைய வீட்டையோ ஆலயத்தையோ இடித்துப் புதுப்பிக்கும்போது, கழற்றப்படும் தேக்கு உத்திரங்களையும் ஈட்டிக் கதவுகளையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுதல் ஆகாது. ஒரு நூற்றாண்டு வளர்ந்து மறு நூற்றாண்டு நம் முன்னோரைத் தாங்கிய மரம் அது. இழைத்துச் சீராக்கினால் இன்னும் சில தலைமுறைகளைத் தாங்கும். அப்பணியைச் செய்யும் ஆசாரியின் பெயரையும் ஆலயப் பதிவேட்டில் எழுதி வைப்போம். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் நாம், செய்தவர் பெயரைத் தாளிலேனும் காத்தல் வேண்டும்.