விபத்து என்று எழுதப்பட்ட காயங்கள்

'ஸ்டவ் வெடித்துவிட்டது' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 1980களில் வரதட்சணைச் சாவுகளுக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இறங்கியபோதுதான் அந்தச் சொல் எதையெல்லாம் மறைத்தது என்று நாடு பேசத் தொடங்கியது. 1983இல் 498ஏ பிரிவும் 1986இல் 304பி பிரிவும் வந்தன. காவல் நிலையமும் நீதிமன்றமும் கேள்விக்கு உள்ளாயின. ஆனால் அடிபட்ட பெண் பல நேரம் முதலில் போய் நிற்பது மருத்துவமனையில். அங்கே தையல் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். 'தவறி விழுந்தார்' என்று சொன்னால் அதையே எழுதிக்கொண்டார்கள். எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதாரப் பேரவை 1996இல் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியாவில் அதை ஒரு மருத்துவமனையின் அன்றாட வேலையாக மாற்றிக் காட்டியது மும்பை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 'திலாசா' மையத்தைத் தொடங்கின. திலாசா என்றால் ஆறுதல்.

வெளியாட்கள் வகுப்பெடுத்துவிட்டுப் போவதோடு அது நிற்கவில்லை. மருத்துவமனை ஊழியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டார்கள். இத்தகைய பயிற்சியின் பாடங்கள் கேட்பதற்கு எளியவை: சொல்லும் காரணம் காயத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது, கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே பேசுவது, அவள் சொன்னதை அப்படியே பதிவது, இன்று வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்று விசாரிப்பது. "நீ என்னம்மா செஞ்ச?" என்று கேட்காமல் இருப்பதுதான் கடினமான பாடம். சீருடை அணிந்தவர்களும் இதே குடும்ப அமைப்பில் வளர்ந்தவர்கள்தானே. வீட்டில் அடி வாங்கிவிட்டு வேலைக்கு வரும் செவிலியரும் அவர்களில் உண்டு.

2005 குடும்ப வன்முறைச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவ உதவி அளிப்பதை மருத்துவமனையின் கடமையாக்கியது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் நடத்தப்பட்ட இருவிரல் பரிசோதனை அவர்களின் கண்ணியத்தை மீறுவது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகளும் அதை விலக்கின. அப்படியும் 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியிருந்தது. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிலரங்கம் நடத்துங்கள், மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்துங்கள் என்றது அந்தத் தீர்ப்பு. சட்டம் வந்து சேர்ந்த இடத்துக்குப் பயிற்சி வந்து சேரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

செவிலியர் படிப்பிலோ மருத்துவப் படிப்பிலோ இருக்கும் தோழிகள் தங்கள் பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எலும்பு முறிவுக்கு எத்தனை மணி நேரம்? அதை முறித்த கையைப் பற்றிப் பேச எத்தனை மணி நேரம்?