108 மீட்டர் ஆழத்தில் ஒரு செய்தி

டைட்டானிக் பத்தி நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. பனிப்பாறை, ஜாக், ரோஸ், கடைசி வரைக்கும் வாசிச்ச பேண்ட் கோஷ்டி, எல்லாம் அத்துப்படி. ஆனா 1996 கிறிஸ்துமஸ் ராத்திரி சிசிலிக்குப் பக்கத்தில் மூழ்கின ஒரு படகைப் பத்தி அம்பத்தூர் ஆபீஸில் விசாரிச்சேன். ஒருத்தருக்கும் தெரியல. இத்தனைக்கும் அதில் செத்தவங்களில் தமிழர்களும் உண்டு.

முதலில் டைட்டானிக். 1912 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் 'ஈவினிங் சன்' போட்ட தலைப்பு என்ன தெரியுமா? மோதலுக்குப் பிறகு எல்லாரும் காப்பாற்றப்பட்டாங்களாம்! கப்பலை ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்துட்டு வர்றதாகவும் செய்தி. கப்பலோ அதற்குள் கடலடிக்குப் போயாச்சு. செத்தவங்க சுமார் 1500 பேர். ஆனா 'நியூயார்க் டைம்ஸ்' நிர்வாக ஆசிரியர் கார் வான் ஆண்டா மட்டும் ஒண்ணு கவனிச்சார். உதவி கேட்ட கப்பலின் வயர்லெஸ், திடீர்னு அடங்கிப் போய் மணிக்கணக்காச்சு. அந்த மௌனத்தை வைத்தே, கப்பல் மூழ்குதுன்னு காலைப் பதிப்பில் துணிந்து போட்டார்.

மௌனத்தையும் செய்தியாகப் படிக்க முடியும்னு இதில் தெரியுது. இப்போ சிசிலிக்கு வருவோம்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து பிழைக்கப் போனவர்களை ஏற்றி வந்த கப்பல் யோஹான். நடுக்கடலில், புயல் ராத்திரியில், அவர்களை எஃப்-174 என்ற சின்னப் படகுக்கு மாத்தினாங்க. படகு கப்பலோடு மோதி மூழ்கிடுச்சு. குறைந்தது 283 பேர் சாவு. தப்பினவர்களைக் கிரீஸில் இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிடுச்சு. அவங்க போலீஸிடம் எல்லாத்தையும் சொன்னாங்க. 1997 ஜனவரியில் ராய்ட்டர்ஸ் செய்தியும் அனுப்பியது.

இத்தாலி அதிகாரிகளின் பதில்: பிணம் இல்லை, உடைந்த பலகை இல்லை, அதனால் விபத்தே இல்லை. 'இல் மனிஃபெஸ்தோ' மாதிரி ஓரிரு பத்திரிகைகள் தவிர மற்றவர்கள் அதோட விட்டுட்டாங்க. டேட்டாபேஸ் தெரிஞ்ச நண்பர்களுக்குச் சொல்லணும்னா, நல் வேல்யூவை ஜீரோன்னு எடுத்துக்கிட்டாங்க.

பிணம் இல்லாமல் இல்லை. போர்ட்டோபாலோ ஊர் மீனவர்களின் வலையில் மாட்டிக்கிட்டே இருந்தது. சொன்னா விசாரணை, படகு முடக்கம், பிழைப்பு போச்சு. திரும்பக் கடலிலேயே போட்டுட்டாங்க. கடைசியில் ஒரு மீனவர் வலையில் ஒரு ஜீன்ஸ் வந்தது. அதன் பாக்கெட்டில் ஒரு அடையாள அட்டை. 17 வயசு இலங்கைத் தமிழ்ப் பையனுடையது. அவர் 'லா ரெபுப்ளிகா' நிருபர் ஜொவான்னி மரியா பெல்லுவிடம் பேசினார். 2001 ஜூனில் பெல்லு நீர்மூழ்கி ரோபோ கேமராவை இறக்கினார். படகும் எலும்புகளும் அங்கேயே இருந்தன. நாலரை வருஷம் நடக்கவே இல்லைன்னு சொன்ன விபத்து! உண்மையைச் சொன்ன மீனவருக்குக் கிடைச்சது சொந்த ஊர்க்காரங்க கோபம்.

டைட்டானிக் கிடப்பது சுமார் 3800 மீட்டர் ஆழத்தில். அங்கிருந்து ஆயிரக்கணக்கான பொருட்களை எடுத்தாச்சு. எஃப்-174 கிடப்பது 108 மீட்டரில். நம்ம மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச உயரம், அவ்வளவுதான். நோபல் பரிசு வாங்கின இத்தாலியர்களே வேண்டுகோள் விட்டும் அதை மேலே எடுக்கல.

இதெல்லாம் பழங்கதைன்னு தோணினா, 2023 ஜூனைப் பாருங்க. 14-ஆம் தேதி கிரீஸின் பைலோஸ் பக்கம் சுமார் 750 பேரோட ஒரு படகு கவிழ்ந்து 104 பேர்தான் பிழைச்சாங்க. நாலு நாள் கழித்து டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி 5 பேரோட காணாமல் போச்சு. ஆக்ஸிஜன் இன்னும் எத்தனை மணி நேரம்னு டிவியில் கவுண்ட்டவுன் ஓடியது எதுக்குன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

அந்த 5 உயிரும் உயிர்தான், அதைக் குறை சொல்லல. ஆனா 1912-இல் கப்பல் கம்பெனி சொல்றதுக்கு முன்னாடியே மௌனத்தை நம்ப ஒரு ஆசிரியர் இருந்தார். 1997-இல் பிழைச்சவங்க வாய்விட்டுச் சொல்லியும் நம்ப ஆள் இல்லை. அடுத்த தடவை 'உறுதிப்படுத்தப்படவில்லை'ன்னு ஒரு வரி கண்ணில் பட்டா, உறுதிப்படுத்த யாராவது போனாங்களான்னு கேளுங்க மக்களே.