ஆறவிடக் கூடாத புண்

பிற அறுவை சிகிச்சைகளில் புண் ஆறுவதே வெற்றி. கண்ணழுத்த நோய்க்கான அறுவையில் அது முற்றிலும் ஆறிவிட்டால் தோல்வி. அந்த அறுவையின் நூற்றாண்டு வரலாறு பெரிதும் இந்த முரணோடு நடத்திய போராட்டமே.

1909இல் சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பில் வட்டக் கத்தியால் சிறு துளையிட்டு, உள்ளே தேங்கிய நீரை மேற்சவ்வின் அடியில் கசியவிட்டார். கிளாஸ்கோவில் ஃபெர்கஸும் அதே காலத்தில் ஏறத்தாழ இதையே செய்தார். ஆயினும் அம்முறைக்கு எலியட் பெயரே நிலைத்தது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரார்க்கு இது தம் தலைநகரில் பிறந்த முறை.

துளையிடுவதைக் காட்டிலும் அதைத் திறந்து வைப்பதே கடினமாக இருந்தது. பல கண்களில் தழும்பு வளர்ந்து வழியை அடைத்தது. அடைபடாத கண்களிலோ நீர் தேங்கிய கொப்புளம் மெலிந்து, ஆண்டுகள் கழித்தும் கிருமி புக இடந்தந்தது. 1968இல் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட டிராபெகுலெக்டமி, துளையை வெள்விழியின் மடலொன்றால் மூடி ஆபத்தைக் குறைத்தது. தழும்பு மட்டும் குறையவில்லை. இளையோரிடமும் முன்பே அறுவை செய்துகொண்டோரிடமும் அது மிகுந்தது.

விடை புற்றுநோய் மருந்துகளிடமிருந்து வந்தது. தழும்பை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் பெருகிப் பெருகியே தம் வேலையைச் செய்கின்றன. ஆகவே பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து அவற்றையும் தடுக்கும். 1980களில் அமெரிக்காவில் 5-ஃபுளூரோயுராசில் சோதிக்கப்பட்டது. அறுவைக்குப் பின் முதல் வாரம் நாளுக்கு இருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என மொத்தம் 21 ஊசிகள், அதுவும் கண்ணின் சவ்வுக்கடியில்! நாட்கூலியை இழந்து மலையிறங்கி வரும் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு இம்முறை ஏட்டளவில் மட்டுமே பொருந்தும்.

தைவானில் சென் 1983இல் பயன்படுத்திய மைட்டோமைசின்-சி இக்கணக்கை மாற்றியது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து ஜப்பானியர் 1950களில் பிரித்தெடுத்த மருந்து அது. அறுவையின் போதே, மருந்தில் நனைத்த பஞ்சைச் சவ்வுக்கடியில் சில நிமிடம் வைத்து, எடுத்து, உப்புநீரால் நன்கு கழுவிவிடுவார்கள். ஒரே முறை; மறுவருகை ஊசிகள் இல்லை.

எவ்வளவு மருந்து, எத்தனை நிமிடம் என்ற வினாவுக்கு விடை தேடியதில் மதுரைக்கும் பங்குண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையில் 300 நோயாளிகளிடம் வெவ்வேறு அளவுகளையும் மருந்தற்ற போலிக் கரைசலையும் ஒப்பிட்ட ஆய்வு 1997இல் வெளியாயிற்று. மருந்து பெற்ற கண்களில் அழுத்தம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஆனால் எலியட் காலத்துத் தொல்லை வேறு வழியில் திரும்பியது. மருந்து மிகுந்தால் கொப்புளம் இரத்தக்குழாயற்று வெளுத்து மெலிகிறது, நீர் கசிகிறது, அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். கிருமித்தொற்று பல்லாண்டுகளுக்குப் பிறகும் வரலாம். முதல் இரு வாரத்தின் பயணங்களை மிச்சப்படுத்திய மருந்து, வாழ்நாள் முழுதும் நீளும் ஒரு விழிப்பைக் கோருகிறது. பரிசோதனைக்கென இடுக்கி மலையிலிருந்து தேனிக்கும், பாலக்காட்டிலிருந்து வாளையாறு கடந்து கோவைக்கும் வந்து போவோர் உண்டு. கண் சிவந்தாலோ பீளை கட்டினாலோ அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் வரவேண்டும். தோட்டத்தில் அது வேலைநாளாக இருந்தாலும்.