தேடும் பொறி வீடு மாறிய கதை

நூலகம் ஒன்று கட்டடம் மாறினால் புத்தகங்களை வண்டியில் ஏற்றிவிடலாம். ஆனால் அங்கே தகவலைத் தேடித் தரும் கணிப்பொறியை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. அமெரிக்காவில் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய மருத்துவ நூலகம் 1960களின் இறுதியில் இச்சிக்கலில் அகப்பட்டது.

உலக மருத்துவ இதழ்களின் கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் காட்டும் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் அட்டவணை 1879இல் தொடங்கியது. அதைத் தயாரிக்கவும், மருத்துவர்களின் கேள்விகளுக்குக் கட்டுரைகளைத் தேடித் தரவும் 1964 ஜனவரியில் ‘மெட்லார்ஸ்’ அமைப்பு செயற்படத் தொடங்கியது. அதன் பொறி ஹனிவெல் 800. செய்திகள் அனைத்தும் காந்த நாடாவில் இருந்தன.

நாடாவில் தேடுவது எப்படி? முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஒலிநாடாவில் கடைசிப் பாட்டை மட்டும் கேட்க முயன்றவர்களுக்கு இத்தொல்லை தெரியும்! ஒரே கேள்விக்காக நாடா முழுவதையும் ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒருசேரத் தேடினர். மருத்துவருக்கு விடை வந்து சேர வாரக்கணக்காயிற்று. வந்தது பொருந்தாவிட்டால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். நோயாளி அதுவரை காத்திருப்பாரா?

புதிய பொறியாக ஐ.பி.எம். இனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் வட்டில் வேண்டிய இடத்தை நேரே எட்டலாம். புத்தகத்தின் கடைசியிலுள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தக் கட்டுரைகளில் வருகிறது என்ற பட்டியலை அதில் வைத்துத் தேடலாம். ஆனால் பழைய நாடாவின் அகலம் முக்கால் அங்குலம், புதியதன் அகலம் அரை அங்குலம். ஹனிவெல் ஓர் எழுத்தை 6 பிட்டுகளால் எழுதியது, ஐ.பி.எம். 8 பிட்டுகளால் எழுதியது. எனவே செய்திகளை எழுத்தெழுத்தாக மாற்றியாக வேண்டும். மாதந்தோறும் வரவேண்டிய அட்டவணையோ இதற்காக நிற்க முடியாது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. வேகமான பொறி வந்தால் விடை நல்லதாகிவிடுமா? 1966-67இல் லான்காஸ்டர் என்பவர் ஏறத்தாழ 300 உண்மையான தேடல்களைச் சோதித்திருந்தார். கிடைத்திருக்க வேண்டிய கட்டுரைகளில் சராசரியாக 58 விழுக்காடே கிடைத்தன. வந்தவற்றில் பாதிதான் பொருத்தமானவை. குறைகள் பெரும்பாலும் தலைப்புச் சொல் இட்டதிலும், கேள்வியை அமைத்ததிலும், கேட்டவரின் தேவையைப் புரிந்துகொண்டதிலும் இருந்தன. பொறியின்மேல் பழிபோட வழியில்லை. இந்தச் சோதனை இடமாற்றத்துக்கு முன்பே நடந்ததை நான் பெரும் நல்வாய்ப்பாகக் கருதுகிறேன்.

புது அமைப்புக்கு முதலில் செய்த ஒப்பந்தம் நிறைவேறாமல் முறிந்தது. இதற்கிடையே 1970இல், சுமார் 100 இதழ்களை மட்டும் கொண்டு, கலிபோர்னியாவில் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியில் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. தொலை அச்சுப்பொறியில் கேள்வியைத் தட்டினால் விடை உடனே திரும்பி வந்தது! பொருந்தாவிட்டால் அங்கேயே கேள்வியைத் திருத்தலாம்.

அவ்வெற்றியால் 1971 அக்டோபரில் 239 இதழ்களுடன் ‘மெட்லைன்’ பிறந்தது. ஒரே நேரத்தில் 25 பேரளவில் பயன்படுத்தலாம். பழைய அமைப்பை உடனே மூடிவிடவில்லை; மெட்லார்ஸின் இரண்டாம் அமைப்பு 1975இல் முழுமையாக நிலைபெறும்வரை அதுவும் இயங்கியது.

பிறகு இணையம் வந்தது. 1997இல் ‘பப்மெட்’ அனைவருக்கும் இலவசமாயிற்று. நீங்கள் அதில் ஒரு நோயின் பெயரைத் தட்டும்போது, 1960இல் முதன்முதலாக அச்சாகி ஆண்டுதோறும் திருத்தப்பட்டுவரும் தலைப்புச் சொற்பட்டியலே இன்றும் பின்னணியில் உதவுகிறது.